தெருவோர மரமும் மறைக்கப்பட்ட குறையும்

வீதியில் நிற்கும் ஒரு மரம் யாருடையது? நட்டவர் மண்ணறைக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். நீர் வார்த்தவர் யாரென்று ஊருக்கே தெரியாது. நகராட்சியின் ஏட்டில் அதற்கு ஓர் எண் இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை எழுதிய குமாஸ்தா அதன் நிழலில் ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார். நிற்பவரெல்லாம் வழிப்போக்கர்களே. கூடைக்காரி நிற்கிறாள், பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கிறது, வண்டிமாடு நிற்கிறது. இலந்தை மரத்தை வெட்டியவனைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூத் நூலில் உண்டு. அதற்கு விளக்கம் கேட்கப்பட்டபோது இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள், அது பாலைவெளியில் பயணிகளும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை வீணாக, அநியாயமாக வெட்டியவனைக் குறித்தது என்று தெளிவுபடுத்தினார்கள். ஆக, உடையவன் பெயர் தெரியாத மரத்துக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். நிழல் தேடி வருவோர் அனைவரும் அதில் பங்காளிகள்.

வெட்டுவதைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். மரம் நடும் விழாக்களிலும் நம்மவர் ஆர்வத்தோடு கலந்து கொள்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மரத்துக்கு நோய் வந்தால்? பூச்சி உள்ளே புகுந்தால்? அதைக் குறித்து மார்க்க மேடைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. இங்கேதான் சங்கடமான ஒரு கேள்வி பிறக்கிறது. என் கொல்லையில் நிற்கும் மரத்துக்குள் பூச்சி இருப்பதை நான் கண்டுகொண்டேன். வேறு ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் அதிகாரிகள் வந்து வெட்டிவிடுவார்கள், நஷ்டம் எனக்கு. சொல்லாமல் இருந்தால் சில மாதங்களில் அந்தப் பூச்சி தெரு முழுவதும் பரவும், நஷ்டம் ஊருக்கு. சொல்வது என் மீது கடமையா? கடமை என்றால், அந்த நஷ்டத்தை நான் ஒருவனே சுமக்க வேண்டும் என்பது நீதியா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையை அடுத்து எல்ச்சே என்றொரு நகரம் இருக்கிறது. நகரத்தின் நடுவிலும் விளிம்பிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பேரீச்ச மரங்கள். வீதிக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே தோப்புத் தோப்பாக நிற்கின்றன. அவற்றை அளந்து வகுத்து, வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள் முஸ்லிம்கள், காலம் கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் இறுதி. 13-ஆம் நூற்றாண்டில் ஆட்சி கைமாறியது. 1609-இல் வலென்சியா நாட்டிலிருந்து முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். மரங்களோ நின்றன. வந்தவர்கள் அவற்றை வெட்டிவிடவில்லை. பழுதடைந்தவற்றின் இடத்தில் புதிய கன்றுகளை நட்டு, அதே வாய்க்கால்களில் நீர் பாய்ச்சிக் காத்தார்கள். இன்றும் அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் வெளுக்க வைத்த பேரீச்ச ஓலைகளைக் குருத்தோலை ஞாயிறன்று ஏந்திச் செல்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அத்தோப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். உண்பவன் நம்மவனாக இருக்க வேண்டும் என்று அந்த ஹதீஸில் நிபந்தனை ஏதும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தனை ஆட்சி மாற்றங்களையும் தாங்கி நின்ற மரங்களுக்கு ஒரு வண்டால் ஆபத்து வந்தது. அந்த வண்டு நமக்குப் புதியதன்று. நம் தென்னந்தோப்புக்காரர்கள் எல்லோரும் அறிந்த சிவப்புக் கூன்வண்டேதான் அது. செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு, ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளம். மரத்தில் காயம் எங்கே இருக்கிறதென்று தேடிப் போய் முட்டையிடும். காண்டாமிருக வண்டு குடைந்த துளை, மட்டை வெட்டிய பச்சை வாய், கன்று பிரித்த அடித்தண்டு ஆகிய எல்லாமே அதற்கு வாசல். ஒரு பெண் வண்டு 200, 300 முட்டைகள் கூட இடும். மூன்று நாளளவில் பொரிந்து வரும் புழு, ஒன்று முதல் மூன்று மாதம் வரை தண்டின் உட்சதையைத் தின்று கொண்டே உள்ளே போகும். பிறகு மரத்து நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, வண்டாக மாறி வெளிவரும்.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடக்கும் காலமெல்லாம் மரம் பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். அனுபவமுள்ள தோப்புக்காரர் தண்டில் காதை வைத்து, உள்ளே புழு கடிக்கும் சத்தத்தைக் கேட்பார். துளையில் கசியும் பழுப்புச் சாற்றையும் புளித்த வாடையையும் கண்டறிவார். மற்றவர்களுக்குக் கொண்டை சாய்ந்த பிறகுதான் தெரியும். அப்போது மருந்து இல்லை, கோடரிதான்.

நம் தென்னையில் பிறந்து வளர்ந்த பூச்சி மத்தியதரைக் கடல் வரை போனது எப்படி? அது சிறகடித்துப் போகவில்லை. மனிதர்கள் விலை கொடுத்து வாங்கிக் கொண்டு போனார்கள். 1980-களின் நடுவில் வளைகுடா நாடுகளில் அது தென்பட்டது. 1985-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில், 1987-இல் சவூதி அரேபியாவின் கதீஃப் பகுதியில். ஆசியாவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்த மரங்களோடு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1990-களின் தொடக்கத்தில் எகிப்து. பிறகு சில ஆண்டுகளுக்குள், வீதிகளையும் விடுதிகளையும் அலங்கரிக்க எகிப்திலிருந்து இறக்குமதியான வளர்ந்த மரங்களோடு ஸ்பெயினின் தென்கரையில் அல்முனேகர் என்னும் ஊரில் இறங்கியது. அரபியில் அல்முனக்கப் என்று சரித்திரத்தில் வருமே, அதே ஊர்தான். கி.பி. 755-இல் உமையா வம்சத்து இளவரசர் அப்துர் ரஹ்மான் உயிர் தப்பி வந்து கரையேறிய இடம். பிற்காலத்தில் குர்துபாவில் தனித்து நின்ற ஒரு பேரீச்ச மரத்தைக் கண்டு, நீயும் என்னைப் போல் தாய்நாட்டைப் பிரிந்தவள் என்ற கருத்தில் அவர் கவி பாடியதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அந்த மரத்தின் பகைவனும் அதே கடற்கரை வழியாகவே நுழைந்தது! 2000-களின் நடுப்பகுதியில் அது எல்ச்சேயையும் எட்டியது.

அன்பர்களே, இந்தப் பயணத்தில் எத்தனை கைகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விற்ற நாற்றுப் பண்ணைக்காரர், கப்பலேற்றியவர், சோதிக்காமல் முத்திரை குத்தியவர், வாங்கி நட்டவர், சாய்ந்த பின்பும் சொல்லாமல் இருந்தவர். இவர்களில் பலர் அறியாதவர்கள். முட்டை கண்ணுக்குத் தெரியாது. அறியாதவனைக் குற்றவாளி என்று மார்க்கம் சொல்லாது. ஆனால் அறிந்தவன்?

கடைவீதியில் ஒரு தானியக் குவியலின் அருகே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே கைவிட்டுப் பார்த்தபோது விரல்கள் ஈரமாயின. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் இந்தச் சம்பவத்தை நாம் அரிசி வியாபாரிக்கும் துணிக்கடைக்காரருக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். மழையைப் பெய்வித்தது வியாபாரி அல்லர். ஈரம் அவர் செய்த குற்றமும் அல்ல. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததே குற்றம். பூச்சி வந்தது மரக்காரரின் குற்றமல்ல. மேலே பச்சை, உள்ளே அரிப்பு என்று தெரிந்தும் விற்பதும், தெரிந்தும் வாய்மூடி இருப்பதுமே விசாரணைக்குரியவை.

குறையுள்ள பொருளை வாங்கியவன் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெற்றவன் என்பது பிக்ஹுச் சட்டம். ஓட்டை விழுந்த பாத்திரமானால் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. பூச்சியுள்ள மரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். பறந்து போன வண்டு திரும்புமா? வாங்காதவன், விற்காதவன், பேரத்தில் சம்பந்தமே இல்லாத அடுத்த தெருக்காரனுடைய மரம் அல்லவா அழிகிறது! ஆகவே இரு தரப்பும் பேசித் தீர்த்துக் கொள்ளும் வியாபார விவகாரமாக இதைக் கருத முடியாது. "என் கொல்லை, என் மரம், உங்களுக்கென்ன?" என்பவருக்குக் கப்பல் உவமையை நினைவூட்ட வேண்டும். கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள், மேல்தட்டினருக்குத் தொல்லை தராமல் தண்ணீர் எடுக்கத் தங்கள் பங்கில் ஒரு துளை போட நினைத்தார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர், தடுத்தால் எல்லோரும் பிழைப்பர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய புகாரி ஷரீபின் ஹதீஸ் அது. துளை அவர்களுடைய பங்கில்தான். தண்ணீர் பங்கு பார்த்து நுழைவதில்லை.

"விதி இருந்தால் மரம் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும்" என்று பேசுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. ஹிஜ்ரி 17, 18-ஆம் ஆண்டுகளை ஒட்டி ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் பதில் அளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், அவ்வூரில் இருப்பவர் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அறிவித்ததும் அப்போதுதான். மனிதர்களின் நோய்க்குச் சொன்ன சட்டத்தை மரத்துக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. ஆயினும் பூச்சி கண்ட பகுதியிலிருந்து கன்றோ மரமோ வெளியே போகக் கூடாது என்று ஓர் அரசு ஆணையிடுமானால், அதைக் கேட்டு முகம் சுளிக்க நமக்கு நியாயம் இல்லை. பேரீச்சையின் பக்கக் கன்றை நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது அரபு நாடுகளில் பழைய வழக்கம். கன்றோடு பூச்சியும் அன்பளிப்பாகப் போகிறது.

சரி, வெட்டலாமா? எல்ச்சே தோப்பைக் காக்க வலென்சியா அரசு 1986-இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அனுமதியின்றி ஒரு மரத்தையும் அழிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். காக்கப் பிறந்த சட்டம் உள்ள ஊரிலேயே காப்பதற்காக வெட்ட வேண்டிய நிலை. பனூ நளீர் முற்றுகையில் சில பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன, சில விடப்பட்டன; இரண்டுமே அல்லாஹ்வின் அனுமதியோடு நடந்தவை என்று ஸூரத்துல் ஹஷ்ர் அறிவிக்கிறது. வெட்டுவது எந்நிலையிலும் ஹராம் என்ற பேச்சுக்கும், வெட்டுவது நம் விருப்பம் என்ற பேச்சுக்கும் இடமில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்கிறோம். தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் அரிக்கப்பட்ட பகுதியைச் செதுக்கி எடுத்து, மருந்திட்டு மரத்தைப் பிழைக்க வைக்கிறார்கள். குருத்து செத்துவிட்டால் வழியில்லை. அதை நிற்க வைப்பது நூற்றுக்கணக்கான வண்டுகளுக்கு வீடு கொடுப்பதாகும்.

இனி நஷ்டத்தின் பேச்சுக்கு வருவோம். இதுவே இக்கட்டுரையின் உயிர்.

பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுக்கத் தனி ஒருவருக்கு வரும் தீங்கைத் தாங்கிக் கொள்ளலாம் என்பது பிக்ஹுக் கலையின் பிரசித்தமான விதி. 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் தொகுத்த மஜல்லா சட்ட நூலும் அதை ஏற்றுப் பதிந்திருக்கிறது. வெட்ட வருபவர்கள் இந்த ஒரு விதியோடு நின்றுவிடுவார்கள். ஆனால் அதே நூலில், நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையைப் போக்கிவிடாது என்ற கருத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. பசியால் உயிர் போகும் நிலையில் ஒருவன் மற்றவனுடைய ரொட்டியைத் தின்றால் பாவம் இல்லை. ஆனால் ரொட்டியின் விலை அவன் மீது கடன். ஊருக்கு நிர்ப்பந்தம் வந்தால் ஊர் என் மரத்தை வெட்டலாம். விலை?

கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால், செத்த மரத்துக்கு விலை இல்லை. உள்ளே பூச்சி இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவரும் வாங்க மாட்டார். எனவே நோயுற்ற மரத்துக்கும் விலை ஏறக்குறைய இல்லை. முன்னெச்சரிக்கையாக ஆரோக்கியமான மரத்தை வெட்டினால் மட்டுமே முழு விலை கொடுக்க வேண்டும். இவ்வளவோடு பத்வா எழுதி முடித்துவிடலாம். ஆனால் மூன்று தென்னை மரங்களின் காயை விற்று எண்ணெயும் உப்பும் வாங்கும் ஒரு விதவைத் தாய்க்கு இந்தப் பத்வாவைப் படித்துக் காட்டினால் என்ன செய்வாள்? வாயை மூடிக் கொள்வாள். "இன்னும் ஒரு பறிப்பு கிடைக்கட்டும்" என்று காத்திருப்பாள். அவள் மீது பாவம் எழுதிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாமா?

இந்த எளியேனின் கருத்து இதுதான்: வெட்டும் கூலியையும், அப்புறப்படுத்தும் செலவையும், மாற்றுக் கன்றையும், கன்று காய்க்கும் வரை ஏழைக்கு ஒரு சிறு உதவியையும் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். மரத்தின் விலையாக அல்ல. அவள் வாய் திறந்து சொன்னதற்காக. சொல்வது அவள் மீது கடமைதான். ஆனால் அந்தக் கடமையைப் பட்டினியின் விலைக்கு நிறைவேற்றச் சொல்லும் ஊர் தன் கடமையைச் செய்யவில்லை. பணக்காரத் தோட்டக்காரருக்கும் விடுதி முதலாளிக்கும் இந்தச் சலுகை வேண்டியதில்லை. அவர்கள் மறைத்தால் தண்டம் விதிப்பதே முறை.

சொல்லும் ஊருக்கும் சொல்லாத ஊருக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக் கால நிகழ்ச்சிகளே காட்டுகின்றன. ஸ்பெயினில் வண்டு இறங்கியது 1990-களின் முற்பாதி. ஐரோப்பியக் கமிஷன் அதற்கென அவசர நடவடிக்கைகளை அறிவித்தது 2007-இல். பத்தாண்டுகளுக்கு மேல் கைநழுவிப் போயின. 2018-இல், இனி ஒழிக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது என்று கண்டு, அந்த நடவடிக்கைகளையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளில் 2005-இல் வண்டு தென்பட்டதும் வெளி மரங்களின் வரவைத் தடுத்தார்கள், மரம் மரமாகச் சோதித்தார்கள், பொறி வைத்தார்கள், நோயுற்றவற்றை அகற்றினார்கள். 2016-இல் தீவுகள் விடுபட்டன என்று அறிவிக்க முடிந்தது. மௌரித்தானியாவின் திஜிக்ஜா பாலைவனச் சோலையில் 2015-இல் பூச்சி காணப்பட்டபோது, ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் அங்குள்ள தோப்புக்காரர்களையே சோதனைப் பணியில் சேர்த்துக் கொண்டது, பரவல் தடுக்கப்பட்டது. அவர்கள் நம்மைப் போன்ற முஸ்லிம் விவசாயிகள். அந்த மரம் போனால் அவர்களுக்குப் பிழைப்பே இல்லை. அப்படியிருந்தும் மறைக்கவில்லை.

பூச்சியைக் கொல்வதிலும் வரம்பு உண்டு. தம்மைக் கடித்த எறும்புக்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட ஒரு நபியை, கடித்தது ஒன்றுதானே என்ற கருத்தில் அல்லாஹ் கண்டித்ததாக ஹதீஸ் கூறுகிறது. வீதி முழுவதும் விஷத்தைத் தெளித்துத் தேனீயையும் குழந்தையின் சுவாசத்தையும் சேர்த்துக் கெடுப்பது இந்தக் கண்டிப்புக்குள் வரும் என்றே அஞ்சுகிறேன். தேனீக்களைக் கருதி மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது. ஆண் வண்டு கூட்டத்தை அழைக்க வெளிவிடும் வாசனையை 1990-களில் கண்டறிந்து, அதைச் செயற்கையாகச் செய்து வாளிப் பொறியில் வைக்கிறார்கள். கூடவே புளித்த பேரீத்தம் பழம். நம் ஊரில் கரும்புப் பாகோ மட்டைத் துண்டோ. கடித்த எறும்பு மட்டும் வந்து விழுகிறது!

பல ஊர்களில் பள்ளிவாசல்களுக்கு வக்பு செய்யப்பட்ட தென்னந்தோப்புகள் உண்டு. முதவல்லிமார்கள் குத்தகைப் பணம் வந்ததா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். குத்தகைக்காரரோ ஓராண்டுக்கு உரியவர். அடுத்த ஆண்டு மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தோப்பைச் சோதிப்பதும், பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டாமல் பார்ப்பதும், குருத்தடி இடுக்கில் மணலும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போடுவதும், பூச்சி கண்டால் பக்கத்துத் தோப்புக்காரருக்கு, அவர் எந்த மதத்தவராயினும், அன்றே சொல்லி அனுப்புவதும் முதவல்லியின் அமானிதக் கடமையில் அடங்கும். ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

இறுதியாக, வெட்டிய தண்டை என்ன செய்வது என்ற கேள்வி. சிலர் அதை விறகுக்கு விற்கிறார்கள். சிலர் ஓரமாகப் போட்டு வைக்கிறார்கள். இரண்டும் கூடாது, உள்ளே இருக்கும் கூடுகளிலிருந்து வண்டுகள் வெளிவந்து கொண்டே இருக்கும். அப்படியானால் புழுவோடு சேர்த்து எரிக்கலாமா? நெருப்பால் வேதனை செய்யும் அதிகாரம் அல்லாஹ்வுக்கே உரியது என்ற நபிமொழியை வைத்து உலமாக்கள் உயிருள்ளவற்றை எரிப்பதை வெறுத்திருக்கிறார்கள். வேறு வழியே இல்லாதபோது அனுமதித்தவர்களும் உண்டு. வேறு வழி இருக்கிறது. நகராட்சிகள் இப்போது இயந்திரத்தில் இட்டுத் தண்டைப் பொடியாக அரைக்கின்றன. இயந்திரம் இல்லாத ஊரில் சிறு துண்டுகளாகப் பிளந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கலாம். அதுவும் வெட்டிய அன்றே, மாலைத் தொழுகைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.